ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை

ஸ்காபரோவில் என்னிடம் கார் பழகியவர்கள் இன்றைக்கு லொறி ஓட்டுகிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள், ஒருத்தன் தீயணைப்பு வண்டியே ஓட்டுகிறான். புனிதவதி மட்டும் இரண்டு பனிக்காலமாக என்னிடம் பழகிக்கொண்டே இருக்கிறாள். றோட் டெஸ்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவாள். கையில் பிழையில்லை. கண்ணாடி பார்ப்பாள், சிக்னல் போடுவாள், எல்லாம் செய்வாள். ஆனால் முன்னால் பச்சை விழுந்தால் காரை எடுக்கமாட்டாள். "தியாகு அண்ணை, உது எங்களுக்குத்தானோ?" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அதற்குள் பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்துவிடுவான்.

மல்வேர்னில் வரிசையாகக் கட்டிய வீடுகளில், அவர்களுடைய ரவுண்ஹவுசுக்கும் என்னுடையதுக்கும் ஒரே சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். புருசன் நெடுந்தூர லொறி ஓட்டம், மாதத்தில் பாதி நாள் கல்கரிப் பக்கம். இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிற மனிதனிடம் பழகாமல் ஏன் என்னிடம் வந்தாய் என்று கேட்டதற்கு, அவரிடம் பழகினால் குடும்பம் பிரிந்துவிடும் என்றாள். அது நியாயமான பதில்தான்.

அவளுக்கு வேலை மில்னர்ப் பக்கத்தில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்புகள் மலை மலையாக வரும். கழுவி ஈரமாக வருகிற விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் மூலையைப் பிடித்து, உதறி, கொதிக்கிற உருளைகளுக்குள் கொடுக்கவேண்டும். ஒருத்தி ஒரு இமைப்பொழுது பிந்தினாலும் துணி கோணலாக உள்ளே போய் முழு மெசினும் நின்றுவிடும். அதனால் கை ஒத்துப்போகிற சோடி கிடைப்பது அங்கே பெரிய கொடுப்பினை. புனிதத்துக்குக் கிடைத்த சோடி மரிசெல். ஹொண்டுராஸ்காரி. அவள் குடும்பம்தான் மூன்று வருசமாகப் புனிதத்தின் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் குடியிருக்கிறது. புருசன் கூரை போடுகிற வேலை, எந்த ஊரில் வேலையோ அந்த ஊரில் இருப்பான். மகள் யெசேனியா பன்னிரண்டாம் வகுப்பு.

முதலில் இந்த இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஆள் ஒரு சொல் விளங்காது. "றெடி", "ஓகே", "பாஸ்ற்", இவ்வளவுதான் இருவருக்கும் பொதுவான இங்கிலிஷ். பிறகு ஒருநாள் யெசேனியாவுக்குக் காய்ச்சல் என்று புனிதம் இஞ்சித் தேநீர் கொண்டு கீழே போயிருக்கிறாள். அங்கே மரிசெல் ஒரு பச்சை முட்டையை எடுத்து மகளின் தலையில் இருந்து கால்வரைக்கும் உருட்டிக்கொண்டிருந்தாள். புனிதத்துக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு மேலே ஓடி, செத்தல் மிளகாயும் உப்பும் பொத்தி எடுத்து வந்து, அதே பிள்ளையைத் தானும் மூன்று சுற்றுச் சுற்றி நாவூறு கழித்தாள். மரிசெல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாளாம். கண் படும் என்பதும் ஊர் வாய் பொல்லாதது என்பதும் ஹொண்டுராசிலும் உண்டென்று அறிந்த அன்றைக்கு, புனிதத்துக்குக் கூடப்பிறந்த தங்கை கிடைத்த சந்தோசம். அதன் பிறகு மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகப் போயிற்று. அவளுடைய கோதுமை ரொட்டியும் அவித்த பயறும், இவளுடைய இடிச்ச சம்பலும். நானும் ஒருநாள் தின்று பார்த்தேன், குறை சொல்ல முடியாது.

புனிதத்தின் மகள் லக்சிகா இதில் இன்னொரு கூத்து. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பிரெஞ்சு எடுக்க, இவள் ஸ்பானிஷ் எடுத்தாள், பிறகு பல்கலைக்கழகக் கம்பஸிலும் அதையே படித்தாள். இப்போது அஜின்கோர்ட்டில் ஒரு சமூக நிலையத்தில் வேலை. மெக்சிக்கோ, கொலம்பியா, ஹொண்டுராஸ் என்று வந்திறங்கிய குடும்பத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி வைப்பதுதான் அவள் வேலை. தாய் தகப்பனைக் கூப்பிட்டு இருத்தி, எந்தப் படிப்பு என்ன, எங்கே விண்ணப்பிப்பது, எந்த உதவி எப்படிக் கிடைக்கும் என்று அவர்கள் மொழியிலேயே சொல்லிக் கொடுப்பாள். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செய்தால் என்ன என்று புனிதம் கொஞ்சக் காலம் மூக்கைச் சிந்தினாள். அதற்கு லக்சிகா சொன்ன பதில் சுவர் தாண்டி எனக்கும் கேட்டது.

"அம்மா, எங்கட பிள்ளையளுக்கு என்ன படிக்கிறதெண்டு சொல்ல நூறு அங்கிள் இருக்கினம். கேக்காமலே சொல்லுவினம். அவைக்கு ஆர் இருக்கினம், லைக், ஒருத்தரும் இல்லை."

அந்த நூறு அங்கிள்மாரில் நானும் ஒருத்தன்.

யெசேனியாவையும் லக்சிகாதான் விண்ணப்பிக்க வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு அம்புலன்ஸில் போகிற பராமெடிக் ஆகவேண்டும் என்று ஒரே பிடி. கிடைப்பது லேசில்லை. கிடைத்தாலும் அந்த வீட்டுக்குச் செலவு தாங்காது. ஆனால் புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று அந்தக் கல்லூரியில் சில இடங்கள் உண்டு, செலவை அவர்களே பார்ப்பார்கள். கல்லூரி ஏற்றுக்கொண்டதும் பிள்ளை லக்சிகாவிடம் சொல்லவேண்டும். அவள் தாயையோ தகப்பனையோ வைத்துக் கையெழுத்து வாங்கிப் பெயரை அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. இதை லக்சிகா எல்லாப் பெற்றோருக்கும் கூட்டம் வைத்துச் சொல்லியிருந்தாள். கூட்டத்தில் மரிசெலும் இருந்து தலையாட்டியவள்தான்.

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை. வெயில் அடித்தது. கடைத்தெருக் கார் தரிப்பிடங்களின் மூலையில் குவித்த பனி மட்டும் கறுத்துப்போய்க் கிடந்தது. வீதி எல்லாம் குழி. புனிதத்துக்கு அன்று வேலை இல்லாத நாள், பின்னேரம் மூன்று மணிபோல அவளை நீல்சன் வீதியில் கார் ஓடவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய போன் அடித்தது. ஓட்டுகிறவள் தொடக்கூடாது என்பது என் சட்டம். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். லக்சிகா.

"அங்கிள், அம்மாட்டைச் சொல்லுங்கோ, நான் இண்டைக்கு லேட்டாத்தான் வருவன். யெசேனியாக்குக் கிடைக்கேல்லை அங்கிள். மற்றப் பிள்ளையள் எல்லாருக்கும் வந்திட்டுது. நான் கேக்கக் கேக்க இன்னும் வரேல்லை எண்டுதான் ரெக்ஸ்ற் பண்ணுறாள். இண்டைக்கு அஞ்சு மணியோட நான் எல்லாப் பேரும் அனுப்பவேணும். அவளின்ர ஸ்பொற் அடுத்த ஆளுக்குப் போகுது. வீட்டை வந்து அந்தப் பிள்ளையின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறதெண்டு தெரியேல்லை."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி வீதியோரத்தில் நின்றது. சிக்னலும் இல்லை, கண்ணாடியும் பார்க்கவில்லை. நான் திட்ட வாயெடுத்துத் திரும்பினால், புனிதத்தின் முகத்தில் இரத்தமே இல்லை.

"கிடைச்சிட்டுது," என்றாள்.

"என்ன?" என்றாள் லக்சிகா.

"யெசேனியாக்குக் கிடைச்சிட்டுது. மூண்டு கிழமையாச்சு. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை எண்டனான். உனக்கும் சொல்லவேண்டாமெண்டனான். உன்ர வாய்க்குக் கதவில்லை, நீ ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவாய் எண்டு."

ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது.

கதை இதுதான். கல்லூரியிலிருந்து செய்தி வந்த அன்றைக்கு மரிசெல் வேலைத்தளத்தில் விரிப்பைப் பிடித்தபடியே புனிதத்துக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். புனிதம் உடனே வாயில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். வகுப்புத் தொடங்கும்வரை மூச்சு விடக்கூடாது. மரிசெலுக்கும் அது சரியாகப் பட்டிருக்கிறது, அவள் ஊரிலும் அப்படித்தானாம். மகளை மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கம்ப்யூட்டரில் சம்மதம் என்று அமத்தியாயிற்று, இனி எல்லாம் முடிந்தது என்றுதான் மூன்று பேரும் நினைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் சொன்னது தாய்க்கு நினைவில்லை, பிள்ளை அந்தக் கூட்டத்துக்குப் போகவேயில்லை. மேலே லக்சிகா அந்தப் பிள்ளைக்காகத் தாய்க்கும் காட்டாமல் அழுதுகொண்டிருக்க, கீழே அந்தப் பிள்ளை சத்தியத்துக்குப் பயந்து பொய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டில். ஒரே சுவர் என்று பெயர், எனக்கும் ஒரு துளி மணக்கவில்லை.

லக்சிகா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. யெசேனியாவைத் தானே பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவதாகவும், ஆனால் அவளுக்குப் பதினேழு வயதுதான், தாயின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாள். "அம்மா, மரிசெல் அன்ரியை எப்பிடியாவது கொண்டு வாங்கோ," என்று மட்டும் கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மரிசெல் வேலையில். போன் எல்லாம் லொக்கரில். வேலை முடிகிற ஆறு மணிக்கு முன்னால் அவளுக்குச் செய்தி சொல்ல ஒரே வழி, நேரே போய் நிற்பதுதான். இறங்கு, நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"இறங்கி ஏறுற நேரத்துக்குப் போயிடலாம்," என்று காரை எடுத்தாள்.

ரப்ஸ்கொட் வீதிக்குத் திரும்பும்போது நான் கேட்டேன். படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய், இந்த நாவூறு கண்ணூறை இவ்வளவுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பாயா என்று. கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குக் கம்பஸ் கிடைச்சது அண்ணை. தொண்ணூற்றைஞ்சில. அப்பா ஒழுங்கை முழுக்கக் கற்கண்டு குடுத்தார். தெரிஞ்சவை, தெரியாதவை, றோட்டால போனவை எல்லாருக்கும். உள்ளுக்குக் காலெடுத்து வைக்க முன்னம் இடப்பெயர்வு வந்திட்டுது. பிறகு வன்னி, பிறகு கொழும்பு, பிறகு இஞ்ச. நான் ஒரு நாளும் போகேல்லை."

"அது சண்டையால வந்தது, புனிதம். கற்கண்டால வந்ததில்லை."

"தெரியும். தெரிஞ்சாலும் எனக்குக் கற்கண்டிலதான் கோவம். சண்டையோட ஆர் கோவிக்கிறது?"

ஊரே ஒரே இரவில் எழும்பி நடந்த அந்த இடப்பெயர்வில் நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவன். கார் பழக்குகிற வாத்தியார் உத்தியோகத்தை விட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வழியில் நாங்கள் கடந்த எந்தப் பச்சைக்கும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொழிற்சாலைக்குள் போனால் ஆவியும் வெக்கையும். என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. குளோரின் மணம் மூக்கில் ஏறியது. உருளைகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. தரையில் மஞ்சள் கோடு, அதைத் தாண்டப் பாதுகாப்புச் சப்பாத்து வேண்டும். கோட்டருகே எங்களை மறித்தது சூப்பவைசர் அன்ரனெற், எங்கள் ஊர்ப் பக்கத்துக் குருநகர்க்காரி, நல்ல மனுசி, ஆனால் வேலை என்று வந்தால் தாட்சண்யம் இல்லாதவள். லீவு நாளில் இங்கே என்ன வேலை என்று புனிதத்தைக் கேட்டாள். மரிசெலைக் கூட்டிப்போக வேண்டும் என்றாள் புனிதம். ஏனாம் என்று கேட்டாள் அன்ரனெற்.

இந்த இடத்தில் புனிதம் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். நல்ல செய்தியை வாயால் சொன்னால் நாவூறு. வருத்தம், ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லலாம் என்றால் அது அதைவிடக் கூடாது, சொன்னபடி பலித்துவிடும். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். மணி நாலு ஆகப்போகிறது என்று நான் சொன்னேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அவளின்ர பிள்ளைக்குக் கொலிஜ் கிடைச்சிட்டுது. பராமெடிக். அஞ்சு மணிக்குள்ள தாய் போய்க் கையெழுத்து வைக்காட்டில் இல்லாமல் போயிடும். விடு அன்ரனெற்."

இரைச்சலை மீறச் சொன்னதால் அது கூச்சலாகத்தான் வந்தது. பக்கத்து மெசினில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் நிமிர்ந்தாள். அவள் எதிரே நின்ற பிலிப்பீன்காரிக்குச் சொன்னாள். அந்தப் பெண் அடுத்தவளுக்கு. விரிப்பு போகிற வேகத்தைவிடச் செய்தி வேகமாகப் போயிற்று. கடைசி மெசினில் நின்ற மரிசெலை நாங்கள் கூப்பிட முன்னம் செய்தி அவளிடம் சேர்ந்துவிட்டது. யாரோ அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தியதைப் பார்த்தேன். மரிசெல் பேயைக் கண்டவள்போல நிமிர்ந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற புனிதத்தைத் தேடினாள். நீயா சொன்னாய் என்ற பார்வை. புனிதம் இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிட்டாள். எழுதுவதுபோலக் காட்டினாள், மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள், பிறகு தன் நெஞ்சில் தானே குத்திக் காட்டினாள். எல்லாம் தன் பிழை என்று அர்த்தம். மரிசெலுக்கு விளங்கிவிட்டது. கை ஒத்துப்போன சோடி அல்லவா.

அன்ரனெற் மனமிரங்கித்தான் நின்றாள். ஆனால் விடமுடியாது என்றாள். ஒராள் போனால் மெசின் நிற்கும், இன்றைக்கு இரவே மூன்று ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகவேண்டும், மாற்றாள் இல்லை.

"மாத்தாள் நான்தானே," என்றாள் புனிதம்.

வெளியே போவதற்கென்று உடுத்திவந்த நல்ல உடுப்போடு லொக்கருக்கு ஓடினாள். சப்பாத்தும் தலை வலையும் மாட்டிக்கொண்டு வந்து மரிசெலின் இடத்தில் நின்றாள். போகிற போக்கில் என் தோளைத் தட்டினாள். "அண்ணை, உங்கட சட்டமெல்லாத்தையும் இண்டைக்கு மட்டும் காருக்குப் பின்னால போட்டிட்டு ஓடுங்கோ," என்றாள்.

அது நடக்கிற காரியமா. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையும் என் போன் நம்பரும் இருக்க, வெள்ளிக்கிழமை பின்னேரம், ஷெப்பேர்ட் வீதியில் நான் எப்படிப் பறப்பது? ஒவ்வொரு ஸ்ரொப் சைனிலும் முழுதாக நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள், பக்கத்தில் இருந்த மரிசெலும் தன் மொழியில் திட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். தலை வலையைக் கழற்ற மறந்துபோய் வந்திருந்தாள். கையில் உருளை சுட்ட தழும்பு. மாதாவைக் கூப்பிட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள், திரும்ப மாதாவைக் கூப்பிட்டாள். இத்தனை வருசத்தில் மஞ்சள் விளக்கில் போனது அன்றைக்குத்தான். ஒருமுறை அல்ல.

நிலையத்தின் வாசலில் யெசேனியா புத்தகப் பையோடு நின்றாள். பஸ் தரிப்பிடத்திலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தாயைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், எனக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கவேயில்லை. லக்சிகா மேசையில் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள், மரிசெல் கையெழுத்து வைத்தாள், யெசேனியா வைத்தாள். லக்சிகா கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். சுவர் மணிக்கூட்டில் பெரிய முள் இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. இடம் யெசேனியாவுக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் லக்சிகா கத்தினாள். மூன்று கிழமை உனக்காக அழுதேன் என்பதை ஸ்பானிஷில் ஒருதரம், இங்கிலிஷில் ஒருதரம், எனக்காகத் தமிழில் ஒருதரம். யெசேனியா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மரிசெல் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு வயது அறுபத்தைந்து, கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் நானும் கொஞ்சம் குதித்தேன்.

முதலில் கேட்டது யெசேனியாதான். "புனிதம் அன்ரி எங்க?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. போன் லொக்கரில். அங்கே நின்று விரிப்பு விரிப்பாகக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

நாலு பேரும் காரில் ஏறினோம். ஆறு மணிக்கு வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சிலர் மரிசெலைக் கண்டு கையசைத்தார்கள். புனிதம் கடைசியாக, அன்ரனெற்றோடு வந்தாள். நல்ல உடுப்பு ஆவியில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஒருத்தர் முகத்தை மாறி ஒருத்தர் முகத்தைப் பார்த்தாளே தவிர, கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயம்.

யெசேனியா அவளிடம் போய் இரண்டு கையையும் பிடித்தாள். இந்த மூன்று வருசத்தில் மேல்வீட்டில் பொறுக்கிய தமிழ் அவளிடம் கொஞ்சம் உண்டு.

"அன்ரி, சரி வந்திட்டுது. எனக்குத்தான்."

புனிதம் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கேட்டாள். செப்ரெம்பர் என்றாள் பிள்ளை.

"அண்டைக்கு நான் லீவு," என்று அன்ரனெற்றைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள் புனிதம். "கிடைச்சதோட முடியேல்லை. இவள் அந்த வாசலால உள்ளுக்குப் போறதை நான் என்ர கண்ணால பாக்கவேணும்."

லக்சிகா அதை மரிசெலுக்கு மொழிபெயர்த்தாள். மரிசெல் தலை வலையை அப்போதுதான் கழற்றிக் கையில் சுருட்டியபடி, தானும் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிலிப்பீன்காரி என்ன கதை என்று கேட்டாள், லக்சிகா அவளுக்கும் சொன்னாள், அவளும் கையைத் தூக்கினாள். பக்கத்து மெசின் தமிழ்ப் பெண்ணும் தூக்கினாள். புனிதம் எல்லாரையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தாள்.

"வாங்கோ. எல்லாரும் வாங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

"அப்ப விரிப்புப் பிடிக்கிறது ஆர்?" என்று கேட்டாள் அன்ரனெற்.

கல்லூரிக்கு எந்த பஸ் எடுப்பது, எங்கே இறங்குவது என்று அதற்குள் பெரிய கதை தொடங்கிவிட்டது.